மலைபடு குரல்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்ட நன்னனின் மலைநாட்டைப் பாடுவது. இன்றைய செங்கமே அச்செங்கண்மா என்பர். மலையை யானையாகவும், அதன்கண் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் நூல் அப்பெயர் பெற்றது. அருவி முதலாக மலையில் எழும் ஓசைகள் பலவற்றைப் பெருங்கௌசிகனார் நிரல்படக் கூறுகிறார். எனினும் அவற்றைக் கேட்டுப் பாடியவர் வேற்றூர்ப் புலவரே. மலைவாழ்நர் தம் உரிமையைத் தாமே பொதுமன்றில் எடுத்துரைத்த வரலாறு மிகப் பிற்பட்டது.

செங்கத்திற்கு வடக்கே விரியும் ஜவ்வாது மலைத்தொடரின் வடபகுதியில், வேலூரை அடுத்து அமைந்தது அமிர்தி. இத்தொடரில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். மலையை ஆள்பவர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். காஞ்சிப் பகுதியிலிருந்து தம் முன்னோர் மலையேறினர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காடுகள் காப்புக்காடுகளாயின. ஆள்பவர் எனப் பெயர் பெற்றோர் அனுமதி கேட்போராயினர். மலையில் திரட்டப்பெற்ற கடுக்காய், சமவெளியில் தோல் பதனிடப் பயன்பட்டது. மலையின் பொருள் கீழே இறங்கியது, குரல் இறங்கவில்லை.

அக்குரல் நாடறிய ஒலித்த நாள் 1946 டிசம்பர் 19. அரசமைப்பு நிர்ணய சபையில் குறிக்கோள் தீர்மானத்தின்மீது முண்டா இனத்தவராகிய ஜெய்பால் சிங் பேசினார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக விளங்கியவர் அவர். காட்டுவாசி எனப் பிறர் இகழ்ந்த சொல்லையே தமக்குப் பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டார். பழங்குடியினர்க்கு மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமே அதைக் கற்க வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். ஆயினும் பின்னர் அமைந்த அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பு, தமிழகத்தின் எந்த மலைக்கும் வாய்க்கவில்லை.

அக்குறையின் கொடிய விளைவுகளுள் ஒன்றாக வாச்சாத்தியைக் கருதலாம். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள இவ்வூரினரும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனம், காவல், வருவாய் ஆகிய துறையினர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அரசுத் தரப்பு மறுத்தது. அப்பெண்கள் அஞ்சாது நீதிமன்றம் ஏறி, நடந்ததை நடந்தவாறே சொல்லினர். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. எழுத்தறிவும் செல்வாக்கும் உடைய அதிகாரத்தின் மறுப்பை, எளிய மகளிரின் சில சொற்கள் வென்றன.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாழ்நர்க்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்று இலக்கிய அன்பர்தம் சிந்தனைக்குரியது. நில உரிமை கோருவோர்க்காக ஊர் முதியோர் கூறும் வாய்மொழி, எழுத்தில் பதிவு செய்யப்பெறின் சான்றாகக் கொள்ளப்படும். பட்டாவும் பத்திரமும் இல்லாத மலைக்குடியினர்க்கு, இன்ன ஓடைக்கு மேற்கே எம் பாட்டன் சாமை விதைத்தான் என்னும் ஒரு வாக்கியமே ஆவணமாகின்றது. கிராம சபையில் முதியவர் ஒருவர் எழுந்து பேசும் சிறு பேச்சு, ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்க வல்லது.

மலைபடுகடாம் மலையின் ஓசைகளைக் கேட்கக் கற்பித்த நூல். மலைமாந்தரின் குரலும் அவ்வோசைகளுள் ஒன்று. அதனைத் தாம் பாடுதற்கு முன்னர், அவர் பேசி முடிக்கும் வரை பொறுத்துக் கேட்பதே புலவர்க்குரிய முதற்கடமை.