சரீரத்தின் வழியே மனம்: மயிலாப்பூர் வட்டாரத்தில் ஒரு சிகிச்சைக் கல்வி வளர்ந்த விதம்

மனவேதனையானது தசைகளிலும் சுவாசத்திலும் இறுகி நிற்கிறது என்று பின்னாளில் வற்புறுத்திய வில்ஹெல்ம் ரைக், குணப் பகுப்பாய்வு பற்றிய தமது நூலை வெளியிட்ட அதே 1933-ஆம் ஆண்டில், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலையைத் தொடங்கினார். இவ்விருவரில் முன்னவருடைய மார்க்கம், அவருடைய மாணாக்கர் அலெக்ஸாண்டர் லோவன் முதலியோரால் 1956-இல் நியூயார்க்கில் ஒரு பயிற்சி நிறுவனமாக உருப்பெற்றது. பின்னவருடைய மார்க்கமோ மயிலாப்பூரை வந்தடைந்தது. உடலை ஆதாரமாகக் கொண்ட மனச்சிகிச்சைக்கு வேர் தேடுகிற நம்மவர் மேனாட்டையே நோக்குவது வழக்கமாயினும், சென்னையின் சரித்திரமும் ஆராயத்தக்கதே என்பது என் துணிபு.

மைசூரில் மகாராஜாவின் ஆதரவில், துள்ளும் பிராயத்துச் சிறுவர்களுக்கு வேகமும் வலிமையும் மிக்க ஆசனங்களைத் தொடர்ச்சியாகக் கற்பித்து, சபைகளில் அவற்றைச் செய்து காட்டவும் வைத்தவர், 1952-இல் பாரிசவாதத்தால் துன்புற்ற ஒரு சட்ட நிபுணருக்குச் சிகிச்சை செய்யும் பொருட்டுச் சென்னைக்கு அழைக்கப்பட்டு, விவேகானந்தா கல்லூரியிலும் யோகம் போதித்தார். இங்கே அவரை நாடி வந்தவர்கள் முதியோரும், நோயாளிகளும், தூக்கமின்றித் தவித்த குடும்பஸ்தர்களுமாக இருந்தபடியால், கூட்டத்துக்குரிய ஒரே பாடம் பயன்படாமற் போய், ஒவ்வொருவருடைய வயது, தொழில், சுவாசம் ஆகியவற்றை அறிந்து, தனித்தனியே எதிரில் அமர்த்திக் கற்பிக்கும் முறை வேரூன்றியது. நோயாளிகளின் தேவையே போதனையின் வடிவத்தை மாற்றிற்று எனலாம்.

பொறியியல் பட்டம் பெற்ற அவருடைய புதல்வர் தேசிகாச்சார், தந்தையிடம் நெடுங்காலம் பயின்று, 1976-இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். மந்தைவெளியை அடுத்த ராமகிருஷ்ணா நகரில் இன்று நடைபெறும் அந்நிறுவனத்தின் மரபில், ஆசிரியர் முதலில் விசாரிப்பார், நாடி பார்ப்பார், மல்லாந்து படுத்தவர் கையை உயர்த்தும்போது மூச்சு எவ்விடத்தில் அறுபடுகிறது என்று கவனிப்பார். பிறகு ஒரு தாளில் கோட்டு உருவங்களாக ஆசனங்களை வரைந்து, எதற்கு உள்மூச்சு, எதற்கு வெளிமூச்சு, எத்தனை முறை என்று குறித்துக் கொடுப்பார். அடுத்த சந்திப்பில் அந்தத் தாள் திருத்தப்படும். பயிலும் ஆசிரியருக்கும் கல்வி இதுவே: தம் சரீரத்தில் அப்பியாசம் செய்து பழகி, பிறருடைய சரீரத்தைப் பார்க்கக் கற்றல்.

ஆயினும் இதை அப்படியே மனச்சிகிச்சை என்று சொல்லிவிட இயலாது. மேனாட்டுப் பயிற்சிகளில் சிகிச்சையாளராக வர விரும்புவோர் தாமும் சிகிச்சைக்கு உட்படுவதும், தாம் கையாளும் நபர்களைப் பற்றி மூத்தோரிடம் தவறாது விவாதிப்பதும் பொதுவான விதிகள். சரீரத்தைத் தொடும் தொழிலில் நம்பிக்கையும் அதிகாரமும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதால் இவை அத்தியாவசியமானவை. குருவைக் கேள்வி கேட்பார் எவர் என்ற வினாவுக்கு நம் பரம்பரை தெளிவான விடை வகுக்கவில்லை. கவனிப்பின் நுட்பத்தில் அது எவ்வளவு உயர்ந்திருப்பினும், இது குறையே.

சட்டமும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் மருத்துவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் முதலியோருடன், சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் பயின்ற முதுநிலைப் பட்டதாரியையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. யோக ஆசிரியர் என்ற தகுதி மட்டும் உடையவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.