டைனமோவில் சுழன்ற இராகமாலிகை

1990 இல் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது எங்களோடு ஒரு கசற்றும் வந்தது. குடாநாட்டில் மின்சாரமில்லை; பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருத்தி பெடலைக் கையாற் சுற்றுவாள். டைனமோவில் ரேப் ரெக்கோடர் பாடும். முறைவைத்துச் சுற்றி, முறைவைத்துக் கேட்டோம்.

என் விருப்பம் ரி. எம். சௌந்தரராஜனின் ‘கற்பகவல்லி’. மயிலாப்பூர் அம்பாளைப் பாடும் அந்த இராகமாலிகையை எழுதியவர் நம் இணுவில் வீரமணி ஐயர். இராகப் பெயர்கள் பாட்டுக்குள்ளேயே வரும். ஆனந்தபைரவியையும் ரஞ்சனியையும் நான் இனங்காணப் பழகியது அங்கேதான். மறுபக்கத்தில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். 1975 இல் மறைந்த அவரை நாங்கள் எவரும் கண்டதில்லை. நயினாதீவுத் திருவிழா மேளத்தை நினைத்துக்கொண்டு தோழி அதையே கேட்பாள். கை சோர்ந்தால் பாட்டில் சுருதி இறங்கும், தவிலில் காலம் தளரும். அதனால் தவிலுக்கு மட்டும் அவள் பிறரைச் சுற்ற விடமாட்டாள்.

1995 இடப்பெயர்வில் ஆளுக்கொரு திக்கானோம். அவள் எங்கிருந்தாவது இதை வாசித்தால் எனக்கு எழுதட்டும். கசற் அவளிடந்தான் இருக்கவேண்டும்.