சேவலா, புறாவா? பள்ளத்தாக்கு அளித்த தீர்ப்பு

மக்களாட்சியில் வாக்காளரிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எந்தக் கட்சி? அந்தக் கட்சிக்குள் யார் என்ற கேள்வி அவரிடம் வருவதில்லை. அதைத் தலைமை முடிவு செய்துவிடுகிறது. வாக்குச்சாவடிக்குள் நுழையும்போது பெயர்களும் சின்னங்களும் அச்சாகிக் காத்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் மக்களிடம் ஒருமுறை அந்த இரண்டாவது கேள்வியும் கேட்கப்பட்டது. 1989 ஜனவரி 21 அன்று அவர்கள் அதற்கு விடை சொன்னார்கள். அந்த விடையைத் திரும்பிப் பார்ப்பது, நம் அரசியலில் எளிய வாக்காளரின் இடம் எது என்பதை எண்ணிப் பார்க்க உதவும்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதிபர் தேர்தலுக்கு முன்பாக, ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக மக்களிடமே கேட்கிறது. இதைப் 'பிரைமரி' என்பர்; முதல்நிலைத் தேர்தல் என்று நாம் சொல்லலாம். அயோவா மாநிலத்தின் சிற்றூர்களிலும் நியூ ஹாம்ப்ஷயரின் உணவு விடுதிகளிலும் உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும், 'நம்மவர்களுள் யார் தகுதியானவர்? யாரை நிறுத்தினால் வெல்ல முடியும்?' என்று வாதிடுவார்கள்.

இந்த உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் இதற்கு வழி திறந்தன. ஆயினும் அதிபர் வேட்பாளரைப் பொறுத்தவரை, கட்சிப் பெரியவர்களின் சொல்லே நெடுங்காலம் இறுதிச் சொல்லாக இருந்தது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி எந்த முதல்நிலைத் தேர்தலிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு அரங்கில் கூச்சல் எழுந்தது. வெளியே தெருக்களில் தடியடி நடந்தது. அந்த அவமானத்திற்குப் பின்னரே விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் வாக்காளரின் தேர்வு உண்மையான வலிமை பெற்றது. தலைவர்களின் தேர்வும் மக்களின் தேர்வும் வேறுபடக்கூடும் என்பதை அந்நாடு அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

அதே 1968-இல்தான் நம் தேர்தல் ஆணையம் சின்னங்கள் பற்றிய ஆணையைப் பிறப்பித்தது. ஒரு கட்சி பிளவுபட்டால் பெயரும் சின்னமும் யாருக்கு என்பதை ஆணையமே முடிவு செய்யலாம் என்று அது கூறுகிறது. அமைப்பு எப்பக்கம், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் எத்தனை பேர் எப்பக்கம் என்று ஆணையம் எண்ணிப் பார்க்கும். கட்சிக்கு வாக்களித்தவர் எப்பக்கம் என்று எண்ண அதில் இடமில்லை.

ஆண்டிபட்டியின் வேட்பாளர்

1984 டிசம்பர் 24 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில், அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். போட்டியிட்டார். அப்போது அவர் நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். தொகுதியில் கால் வைக்கவில்லை. ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. அவர் உயிரோடிருப்பதைக் காட்டும் படச்சுருள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டி மக்கள் 30,000-க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவரை வெற்றிபெறச் செய்தார்கள்.

சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். பெரிய குடும்பங்களில் மூத்தவர் கண்மூடியதும் எழும் கேள்வி கட்சியிலும் எழுந்தது: அடுத்து யார்? ஒருபுறம் அவருடைய துணைவியார் வி.என். ஜானகி. மறுபுறம் கொள்கை பரப்புச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் அவரால் முன்னிறுத்தப்பட்ட ஜெ. ஜெயலலிதா. இருவருமே ஒருகாலத்தில் எம்.ஜி.ஆருடன் திரையில் நடித்தவர்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களுள் பெரும்பான்மையோர் ஜானகியின் பக்கம் நின்றார்கள். 1988 ஜனவரி 7 அன்று அவர் தமிழகத்தின் முதல் பெண் முதலமைச்சரானார். ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது அவைக்குள்ளேயே அடிதடி நடந்தது. இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஓராண்டு கழித்துத் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது, இரட்டை இலைச் சின்னத்தை ஆணையம் இருவருக்கும் தரவில்லை. ஜெயலலிதா அணிக்குச் சேவல் கிடைத்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. 1973-இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதன்முதலாகக் களம் கண்ட இலைச் சின்னத்தை, அத்தொகுதிக்கு அண்டையிலிருந்த இப்பள்ளத்தாக்கின் மக்கள் பதினைந்து ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். இப்போது வாக்குச்சீட்டில் அதைக் காணவில்லை.

மந்தையில் நடந்த வழக்கு

இருவருமே இந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தார்கள் என்பதுதான் வியப்பு. ஜானகி கணவர் வென்ற ஆண்டிபட்டியில் நின்றார். ஜெயலலிதா அதற்கு மேற்கே, மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில் நின்றார். போடியில் அவரை எதிர்த்து ஜானகி அணியின் சார்பில் நின்றவர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. 1965-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த 'வெண்ணிற ஆடை'தான் தமிழ்த்திரையில் அவ்விருவருக்கும் முதல் படம். ஒரே படத்தில் அறிமுகமான இருவர், இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஏலக்காய்ச் சந்தை நகரில் வாக்குக் கேட்டு எதிரெதிரே நின்றார்கள்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் வாக்குப்பதிவு. தேநீர்க் கடையிலும் ஊர் மந்தையிலும், ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் வண்டிகளிலும் இந்த வழக்கே பேச்சானது. தி.மு.க.வை ஆதரிப்பவருக்குக் குழப்பமில்லை, உதயசூரியன் இருந்தது. காங்கிரஸ்காரருக்கும் குழப்பமில்லை, கை இருந்தது. தடுமாறியவர்கள் எம்.ஜி.ஆரின் வாக்காளர்கள். அவர்கள் முன்னிருந்த வழக்கின் இரு பக்கங்களுமே எளிதில் தள்ளத்தக்கவையல்ல.

ஜானகியின் பக்கம் நியாயம் இருந்தது. நோயிலும் வாழ்விலும் உடனிருந்தவர் அவர். கட்சித் தலைமையகம் இயங்கிய சென்னைக் கட்டடமே அவர் வழங்கியது. கணவரை இழந்து ஓராண்டே ஆன ஒரு பெண் வாசலில் வந்து நிற்கும்போது, இல்லை என்று சொல்ல நம் மண்ணின் மனம் அஞ்சும். உறுப்பினர்களின் பெரும்பான்மையும் முன்பு அவருக்கே இருந்தது. நடிகர் சிவாஜி கணேசனின் புதுக்கட்சியும் அவரோடு கைகோத்திருந்தது.

ஜெயலலிதாவின் பக்கம் வேறொரு நியாயம். வீட்டுக்கு வாரிசு வேறு, கட்சிக்கு வாரிசு வேறு என்பது அது. ஊர் ஊராகச் சென்று பேசியவர் யார்? தலைவர் நோயுற்றுக் கிடந்த 1984-இல் வாக்குக் கேட்டு வந்தவர் யார்? இறுதி ஊர்வல வண்டியிலிருந்து அவர் இறக்கிவிடப்பட்ட செய்தியும் மக்கள் நினைவில் இருந்தது. இரக்கம் ஒரு பக்கத்துக்கே சொந்தமாக இருக்கவில்லை.

இக்கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: யார் வெல்வார்? மனம் ஒருவர் பக்கம் சாய, கணக்கு வேறொருவர் பக்கம் சாய்வதுண்டு. அயோவாவின் உழவர் தம் கட்சிக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுவே. சாதியும் உள்ளூர்ச் செல்வாக்கும் வேட்பாளர் செய்த உதவியும் இந்த எடைபோடலில் கலந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்த நாட்டு வாக்காளரும் அறிவை மட்டும் துணைகொண்டு சாவடிக்குச் செல்வதில்லை.

தீர்ப்பும் அதன் விலையும்

போடிநாயக்கனூரில் ஜெயலலிதா 28,000-க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார், தி.மு.க. வேட்பாளர் வென்றார். மாநிலமெங்கும் சேவலுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடும் புறாவுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடும் கிடைத்தன. சட்டமன்றத்தில் பெரும்பான்மையோர் தேர்ந்தவரை மக்கள் தேரவில்லை. கணவருக்கு அவர் முகம் காணாமலேயே வாக்களித்த ஊர், நேரில் வந்த மனைவிக்கு மறுத்தது. இதை நன்றியின்மை என்று சொல்வோர் உண்டு. தலைவரிடம் கொண்ட அன்பு அவருடைய இல்லத்தார்க்குத் தானாகச் சேரும் சொத்து அன்று என்று அம்மக்கள் கருதினார்கள் என்றும் அதைப் படிக்கலாம். பிற்கால இந்திய அரசியலைப் பார்க்கும்போது, இந்த இரண்டாவது பொருள் மேலும் கனம் பெறுகிறது.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு விலையும் இருந்தது. அமெரிக்காவில் உட்கட்சி வழக்கு முதலில் முடியும். பொதுத்தேர்தல் பின்னர் வரும். இங்கோ இரண்டும் ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில் நடந்தன. எனவே யார் வாரிசு என்று தீர்ப்பளித்த அதே முத்திரை, ஆட்சியை எதிரணிக்கு வழங்கியது. தனியே நின்ற காங்கிரஸ் ஏறத்தாழ 20 விழுக்காடு பெற, சுமார் 33 விழுக்காடு வாக்குகளோடு தி.மு.க. 150 இடங்களை வென்றது. சேவல் அணிக்கு 27 இடங்களும் காங்கிரசுக்கு 26 இடங்களும் கிடைத்தன.

தீர்ப்பைப் புரிந்துகொள்வதில் ஜானகி காலம் தாழ்த்தவில்லை. பிப்ரவரியில் அவர் ஒதுங்கிக்கொள்ள அணிகள் இணைந்தன. இரட்டை இலை திரும்பி வந்தது. மார்ச் மாதம் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் நடந்த தேர்தல்களில் இலை வென்றது. அவ்வாண்டு நவம்பரில் காங்கிரசோடு கூட்டணி அமைத்து, தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் 38-ஐக் கைப்பற்றியது. பத்தே மாதங்களில் கணக்கு தலைகீழானது. தோற்றவர் விலகி வழிவிட்ட அந்தச் செயல் வரலாற்றில் போதிய அளவு பாராட்டப்படவில்லை. வெல்வதற்கு ஆற்றல் போதும்; மக்கள் சொன்னதைக் கேட்டு விலகுவதற்குப் பெருந்தன்மையும் வேண்டும்.

மீண்டும் எழுந்த கேள்வி

1996-இல் பள்ளத்தாக்கு தேனி மாவட்டமாயிற்று. ஆண்டிபட்டி 2002 இடைத்தேர்தலிலும் 2006-இலும் ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. 1989-இல் ஜானகி அணியில் நின்ற பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வம் 2001-இல் ஜெயலலிதாவின் விருப்பப்படி முதலமைச்சரானார். 2011-இல் போடியின் சட்டமன்ற உறுப்பினரானார். 2016-இல் ஜெயலலிதா மறைந்ததும் பழைய கேள்வி மறுபடி எழுந்தது. 2017 மார்ச்சில் இரட்டை இலை மீண்டும் முடக்கப்பட்டது. ஓர் அணிக்குத் தொப்பி, பன்னீர்செல்வம் அணிக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். 2019-இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் உடன்பிறந்த இருவரே இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களாக எதிரெதிரே நின்றனர்.

இதில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அ.தி.மு.க.வின் சட்டவிதி சொன்னது. எம்.ஜி.ஆர். காலத்து விதி அது. ஆயினும் 2022-இல் தலைமைப் பூசல் முற்றியபோது, வழக்கு பொதுக்குழு மண்டபத்திலும் நீதிமன்றங்களிலுமே நடந்தது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளராகத் தேர்வானார். உறுப்பினரின் உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் நாள் வரவில்லை.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குறையன்று. வேட்பாளரை உறுப்பினர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்சிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. பெரும்பாலான கட்சிகளில் தலைமையின் கையெழுத்தே வேட்பாளரை உண்டாக்குகிறது. எளிய மக்களுக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்போருக்குப் பள்ளத்தாக்கு முன்பே விடை சொல்லியிருக்கிறது. பழகிய சின்னம் இல்லாமல், துக்கத்தின் நடுவே, இரு நியாயங்களுக்கிடையே அவர்கள் தெளிவாகத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வு சரியா என்பதில் கருத்து வேறுபடலாம். தேரும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு என்பதில் வேறுபட முடியாது.

முல்லைப்பெரியாற்று நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. மதகைத் திறப்பதற்கு முறையும் நாளும் உண்டு. கடைமடைக்காரரின் பங்கும் அதில் உண்டு. மக்களின் தீர்ப்பு பாயவும் அத்தகைய முறையான மதகு ஒன்று வேண்டும். கட்சி உடைந்து, தலைவர் மறைந்து, சின்னம் முடங்கும் நாளில் மட்டுமே கடைக்கோடி உறுப்பினரின் குரல் கேட்கும் என்ற நிலை மாறுவது, அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நெடுநாள் கடன்.