எரியாத சிக்னலும் கம்பைலர் வார்னிங்கும்

சென்சார் புரோகிராம் எழுதுறவங்க பலர் வார்னிங்கைப் பார்த்தால், "எர்ரர் இல்லையே, ஓடுதுல்ல" என்று தாண்டிப் போய்விடுவார்கள். இது ஏன் ஆபத்து என்பதற்கு ராமேஸ்வரம் தீவில் ஒரு பழைய பாடம் இருக்கிறது.

1964 டிசம்பர் 22, நள்ளிரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். புயல் அலையில் வண்டி போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நின்றிருந்தால் தப்பியிருப்பார்களா, தெரியாது. ஆனால் ரயில்வே விதி தெளிவானது: எரியாத சிக்னலைச் சிவப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் பின்னாளில் காற்றுவேகமானியைச் சிக்னலோடு இணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகும்படி அது அமைந்திருந்தது. யாரும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை, வயரிங்கே முடிவெடுத்தது.

அதே 'வயரிங்' என்ற சொல் மென்பொருளிலும் உண்டு. சின்னஞ்சிறு சென்சார் கருவிகளுக்கான டைனிஓஎஸ் இயங்குதளத்துக்காக, பெர்க்லியில் டேவிட் கே, பிலிப் லெவிஸ் முதலியோர் நெஸ்சி மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதில் புரோகிராம் என்பது காம்போனென்ட்களை ஒன்றோடொன்று வயர் செய்வதுதான்.

இப்போ ஒரு கற்பனை: பாலத்தில் இரண்டு காற்றுவேகமானிகள். "ரயில் போகலாமா?" என்ற ஒரே கமாண்டை இரண்டுக்கும் வயர் செய்கிறோம். ஒன்று 'ஆம்' என்கிறது, மற்றது 'இல்லை' என்கிறது. கேட்டவருக்கு எந்தப் பதில் போகும்? இங்கேதான் கம்பைலர், அழைப்பு பல இடங்களுக்குப் பிரிகிறது, பதில்களைச் சேர்க்கும் ஃபங்ஷன் இல்லை என்று எச்சரிக்கிறது. கவனிக்காவிட்டால் ஒரு பதில் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

முதலில் வயரிங்கைப் பாருங்கள். ஒரே கமாண்டைத் தெரியாமல் இரண்டு முறை இணைத்திருந்தால் ஒன்றை நீக்கினால் போதும். வேண்டுமென்றே இணைத்திருந்தால், அந்தப் பதிலுக்குத் தனி டைப் வரையறுத்து, அதோடு கம்பைன் ஃபங்ஷனைக் குறிப்பிட வேண்டும். "போகலாமா?" என்ற கேள்விக்கு இரண்டும் 'ஆம்' என்றால்தான் 'ஆம்'. "ஆபத்தா?" என்று கேட்டிருந்தால் ஒன்று 'ஆம்' என்றாலே போதும்.

டைனிஓஎஸ் தன் சொந்த எர்ரர் டைப்புக்கு இதை முன்பே செய்துவைத்திருக்கிறது: இரண்டு பதிலும் வேறுபட்டால் விடை 'தோல்வி'. எரியாத சிக்னலைச் சிவப்பாக எடுத்துக்கொள்ளும் அதே விதிதான் இதுவும்.