சுற்றிக் கட்டும் கவுன்

சிறுத்த இடையும் அகன்ற மார்பும் இடுப்பும் கொண்ட உடலுக்கு ஆயத்த ஆடை எளிதில் பொருந்துவதில்லை; மார்புக்குச் சரியானது இடையில் தொளதொளக்கும். 1947இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் இந்த உருவத்தைக் கொண்டாடினார். ஆனால் அவருடைய உடைகள் இறுக்குக் கச்சையை நம்பியவை. அன்றாட வேலைக்கு உதவாதவை. நல்ல வழியை அமெரிக்காவின் கிளேர் மெக்கார்டெல் 1942இலேயே காட்டியிருந்தார். அவருடைய ‘பாப்ஓவர்’, முன்புறம் சுற்றி அணியும் வீட்டுவேலைக் கவுன். பெரிய பையும் அடுப்புக் கையுறையும் சேர்த்து விலை 6.95 டாலர்தான். 1974இல் நியூயார்க்கில் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் சுற்றிக் கட்டும் முறையை மெல்லிய ஜெர்சி துணியில் கொண்டுவந்தார். பின்னல்துணி இழுபட்டு உடலோடு படிந்தது. நாடாவை அவரவர் இடைக்கேற்ப முடிச்சிடலாம், ஜிப் தேவையில்லை. அலுவலகப் பெண்கள் விரும்பி வாங்கினர். 1976க்குள் 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.