உருகுவதற்கென்றே ஒரு கம்பி

மின்சாரத்தோடு நம்மிடம் வந்து சேர்ந்த சொற்களில் ‘ஃபியூஸ்’ சற்று விசித்திரமானது. ஆங்கிலத்தில் வெடிமருந்தின் திரிக்கும் இதுவே பெயர்; ஆனால் இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து கிளைத்தவை. திரியின் பெயர் நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மின்சாரத்துக்குரியதோ உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. தமிழில் ‘உருகி’ என்று பெயரிட்டவர்கள் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. செய்யும் தொழிலே அதன் பெயராயிற்று.

தானே அழிந்து பிறவற்றைக் காக்கும் ஒரு பலவீனத்தைத் திட்டமிட்டே வைக்கலாம் என்ற எண்ணம் காருக்கு மூத்தது. தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்க, கம்பித் தொடரில் மெல்லிய துண்டொன்றைச் சேர்க்கலாம் என்று பிரான்சின் லூயி பிரெகே 1847இல் பரிந்துரைத்தார். எடிசன் 1880இல் மின்விளக்குகளுக்கான பாதுகாப்புக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். 1912இன் காடிலாக் கார் மின்சாரத்தால் கிளம்பவும் ஒளிரவும் தொடங்கியபின், காருக்குள் கம்பிகள் பெருகின. அவற்றோடு உருகியின் தேவையும் பெருகிற்று.

ஆயினும் நெடுங்காலம் அது அரிதாகவே இடம்பெற்றது. இலங்கைச் சாலைகள் நன்கறிந்த மோரிஸ் மைனரில் முதலில் இருந்தவை இரண்டே உருகிகள்; முன்விளக்குகளுக்கு உருகியே கிடையாது.

உருகி போனால் வண்டியோட்டிக்கு எழும் முதல் எண்ணம், அது மறுபடியும் போகாதபடி செய்வது. கையில் சரியான உருகி இல்லாதபோது சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவார்கள். அல்லது பெரிய உருகியொன்றை வைப்பார்கள். விளக்கு எரியும், ஹாரன் ஒலிக்கும். ஆனால் உருகியின் எண், அது காக்கும் கம்பியின் தடிமனை ஒட்டி நிர்ணயிக்கப்பட்டது. 10 ஆம்பியருக்கான இடத்தில் 30 ஆம்பியர் உருகி அமர்ந்தால், 25 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. அப்போது சுடுவது கம்பி. அதன் உறை இளகி, டேஷ்போர்டுக்குப் பின்னே, கண்ணுக்கெட்டாத இடத்தில் தீ பிறக்கக்கூடும்.

இந்த ஆசையை எப்படித் தடுப்பது? காரின் உருகி வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். அமெரிக்கக் கார்களில் புழங்கிய எஸ்.எஃப்.இ. வகைக் கண்ணாடிக் குழல் உருகிகளில் எண் கூடக்கூட நீளமும் கூடும். 4 ஆம்பியர் உருகியின் நீளம் சுமார் 16 மில்லிமீட்டர். 30 ஆம்பியருடையது 36. பெரியது சிறியதன் இருக்கையில் அமராது. இது மனிதனை நம்பாத வடிவமைப்பு.

1976இல் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய தகட்டு உருகி எதிர்த்திசையில் சென்றது. இரண்டு தகட்டுக் கால்கள், இடையே மெல்லிய துத்தநாகப் பட்டை, மேலே வண்ணப் பிளாஸ்டிக். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஆனால் எல்லாம் ஒரே அளவு. எதுவும் எதிலும் அமரும். முன்பு நீளம் கையைத் தடுத்தது. இப்போது வண்ணம் கண்ணிடம் எடுத்துச் சொல்வதோடு நின்றுவிட்டது. மலிவு, எளிய உற்பத்தி, கண்ணாடி உடையும் கவலையின்மை ஆகியவை வென்றன. பாதுகாப்பில் ஒரு பகுதி வண்டியோட்டியின் மனசாட்சிக்கு மாற்றப்பட்டது.

ஆகவே அதை மாற்றும் முறையிலும் நாம் இந்தப் பொறுப்பை ஏற்றாக வேண்டும். உருகிப் பெட்டி பொதுவாக ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே டேஷ்போர்டின் கீழோ, பானெட்டுக்குள் பேட்டரியின் அருகிலோ இருக்கும். பல கார்களில் இரண்டு இடங்களிலும் உண்டு. எது எதற்குரியது என்பதை மூடியின் உட்புறமோ கையேடோ சொல்லும். சாவியை அணைத்து, பெட்டியிலேயே இருக்கும் சிறு இடுக்கியால் நேராக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அறுந்த பட்டை தெரியும். அதே எண்ணுள்ள புதியதைச் செருகலாம். அதுவும் உடனே போனால் குற்றம் உருகியினுடையது அன்று. எங்கோ ஒரு கம்பி உரசித் தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு மோட்டார் இறுகியிருக்கிறது. தேட வேண்டியது அதை.

10 ஆம்பியர் தகட்டு உருகியில் 20 ஆம்பியர் ஓடினால், 5 நொடிக்குள் அது அறுந்தாக வேண்டும் என்பது தரவிதி. சில புதிய மின்சாரக் கார்களில் உருகிகள் பலவற்றின் இடத்தைக் குறைக்கடத்திகள் எடுத்துக்கொண்டுள்ளன. மின்னோட்டத்தை அளந்து தாமே துண்டிக்கின்றன, தாமே மீட்கவும் செய்கின்றன. ஈயத்தாளைச் சுற்ற அவற்றில் இடமில்லை. எஸ்.எஃப்.இ. குழலின் அவநம்பிக்கை வேறு உருவில் திரும்பியிருக்கிறது. நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களில் மட்டும், சிவப்பு போன இடத்தில் சிவப்பையே வைக்கும் பொறுப்பு இன்னும் நம் விரல்களிடம்தான் இருக்கிறது.