சி.சி.ஐ.இ செய்முறைத் தேர்வின் வரலாறு

கணினி வலையமைப்புத் துறையில் மிகக் கடினமானவை எனப் பெயர் பெற்ற சான்றிதழ்களில் ஒன்று சி.சி.ஐ.இ. சிஸ்கோ நிறுவனம் இதை 1993-ல் தொடங்கியது. எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு என்றாலும் அது நுழைவாயில் மட்டுமே. ஆய்வகத்தில் அமர்ந்து ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் இணைத்து, கேட்டபடி இயக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வுதான் இதன் மதிப்புக்குக் காரணம். நீண்ட காலம் 100-க்கு 80 மதிப்பெண் தேர்ச்சிக்குத் தேவைப்பட்டது.

தேர்ச்சி பெறுபவருக்கு ஓர் எண் வழங்கப்படும். வரிசை 1024-ல் தொடங்கியது. அந்த எண் ஆய்வகத்துக்கே சூட்டப்பட்டது. 1025 ஆய்வகத்தை உருவாக்கிய ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. தேர்வில் அமர்ந்து முதலில் வென்றவர் டெர்ரி ஸ்லாட்டரி, எண் 1026. அவர் சிஸ்கோ ஊழியர் அல்லர். ஆனால் சிஸ்கோ ரவுட்டர்களின் கட்டளை இடைமுகத்துக்கு ஒப்பந்த முறையில் நிரல் எழுதியவர். பாடநூல் எழுதியவரே பரீட்சைக்கு உட்கார்ந்ததைப் போன்றது அது.

தொடக்கத்தில் தேர்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாளும் மறுநாள் காலையும் வலையமைப்பைக் கட்ட வேண்டும். போதிய மதிப்பெண் இல்லாதவர் இடையிலேயே வீடு திரும்ப வேண்டியதுதான். எஞ்சியவர்கள் இரண்டாம் நாள் மதிய உணவுக்குச் சென்றதும், அவர்கள் கட்டியதைத் தேர்வுக் கண்காணிப்பாளர் வேண்டுமென்றே பழுதாக்கி வைப்பார். திரும்பி வந்து பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். வலையமைப்புப் பொறியாளரின் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமான பகுதி இதுவே.

2001 அக்டோபரில் தேர்வு எட்டு மணி நேரத்தில் முடியும் ஒரு நாள் தேர்வானது. அதே ஆய்வகத்தில் இரு மடங்கு பேர் எழுத முடிந்தது. ஆனால் பழுது நீக்கும் தனிப்பகுதி போய்விட்டது. கட்டத் தெரிந்தவருக்குப் பிறர் கட்டியதைப் பழுதுபார்க்கவும் தெரியும் என்று நம்புவது கடினம்.

தயாரிப்பும் இதனோடு மாறியது. பழைய ரவுட்டர்களை விலைக்கு வாங்கி வீட்டிலேயே அடுக்கிப் பயின்றவர்கள் பலர். மின்கட்டணமும் இரைச்சலும் தனி. 2005-ல் கிறிஸ்டோஃப் ஃபிலோ டைனமிப்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டபின் ஒரே கணினியில் பல ரவுட்டர்களை இயக்கிப் பழக முடிந்தது. செலவு வெகுவாகக் குறைந்தது. மறுபுறம், கசிந்த வினாக்களையும் விடைகளையும் மனப்பாடம் செய்து வருவோர் பெரிய தலைவலியானார்கள். 2009 தொடக்கத்தில் சில குறுவிடை வினாக்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நன்கு தயாரானவர்களே அதில் சறுக்கினால் அன்றைய உழைப்பெல்லாம் வீண் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. ரவுட்டிங், சுவிட்சிங் பிரிவில் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

உருப்படியான மாற்றம் 2009 அக்டோபரில் வந்தது. எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி பழுது நீக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. தேர்வர் முன்பின் பார்த்திராத வலையமைப்பு அது. மனப்பாடம் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு மெய்நிகர் கருவிகளுக்கு மாறியது. ஃபிரேம் ரிலே நீங்கியது. சாதனத்தைத் தொடாமல், மின்னஞ்சல்களையும் படங்களையும் பார்த்தே கோளாற்றை ஊகிக்கும் அரைமணிப் பகுதியும் சேர்ந்தது.

2020 பிப்ரவரி முதல் முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கும், அடுத்த ஐந்து மணி நேரம் அமைத்தல், இயக்குதல், மேம்படுத்துதல் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.